ஆடாத கோடு

இன்று காலை பண்ணைப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது கடல் காணாமற் போனது. சற்று முன்வரை வெயிலில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்த தண்ணீர், அந்த மினுக்கம் முழுவதையும் கழற்றி வைத்துவிட்டுத் தன் அடியைக் காட்டியது. சாதாளைக் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு சைக்கிள் ரயர், ரயருக்குள் குஞ்சு மீன்கள். தலையைத் தோள்பக்கம் சரித்தேன், கடல் திரும்பி வந்தது. நிமிர்த்தினேன், மறுபடி போனது. மண்டைதீவுச் சந்தியில் ஏறி என் பக்கத்தில் இருந்த பெண் இந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கழுத்துச் சுளுக்கோ அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். பாலம் முடிவதற்குள் ஒளியின் முனைவாக்கத்தை விளங்கப்படுத்த யாரால் முடியும்?

கண்ணாடி உம்முடையது. கண்ணில் படர்ந்த வெள்ளையை வெட்டி எடுத்த பிறகு வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் திரியக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் அலுமாரியில் நீர் விட்டுப்போன கண்ணாடி சும்மா கிடக்கிறது. கூடவே கிடக்கும், வெளிச்சத்தை நிறம் பிரித்துக் காட்டும் பித்தளைக் குழாயை அடிக்கடி எடுப்பேன். கண்ணாடியை மட்டும் உம்மை எரித்த நாளுக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்தேன், அது உம்முடைய மூக்குக்கு வளைந்த கண்ணாடி. இன்று போட்டுப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பெரிது. பாதி வழியில் வழுக்கி வந்து நின்றது. அப்போதுதான் கடல் போனது, உமது குரல் வந்தது. "பாத்தீரோ, தெறிச்சு வாற வெளிச்சத்துக்கு ஒரு சாய்வு இருக்கு. அதை வெட்டினால் உள்ளுக்கு இருக்கிறது தெரியும்."

நீர் போகுமுன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு வைத்தீர். உம்மை எரிக்கும் நெருப்பைக் குழாயால் பார்த்து, என்ன கோடு தெரிகிறது என்று சொல்லவேண்டும். விளையாட்டல்ல, உண்மையாகவே கேட்டீர். பதில் சொல்லாமல் இவ்வளவு காலம் இழுத்தடித்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் பல்கலைக்கழகத்து இருட்டறை ஞாபகம் வருகிறது. ஒரே மேசையில் இருவரும். ஒளியைப் பிரிக்கும் அரியத்தின் முன்னால் சோடியம் விளக்கு. நான் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு மஞ்சளில் ஒரு கோடு என்று சொன்னேன். நீர் என்னை இடித்து ஒதுக்கிவிட்டுக் குமிழை மெதுவாகத் திருகிக்கொண்டே இருந்தீர். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குப் பசி. "ஒண்டில்லையப்பா, ரெண்டு" என்றீர் கடைசியில். அவ்வளவு நெருக்கமாக நிற்கும் இரண்டு கோடுகள். சாதாரணக் கருவிக்கு அவை ஒன்றுதான். அன்று உமது முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதே இந்தப் பெண் தீவுக்குத் திரும்பமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அப்படியே நடந்தது. நீர் வடக்கு ஐரோப்பாவில் ஒரு வானாய்வு நிலையத்துக்குப் போனீர். நான் பஸ் ஏறி எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். பொறாமை இருந்ததா என்று ஒருமுறை கேட்டீர். இல்லை என்று சொன்னேன். இருந்தது. பிறகு தேய்ந்துபோயிற்று. உம்முடைய தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பது அதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது.

நீர் செய்த வேலையை ஊரில் யாருக்கும் சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில் வெறுமை இல்லை, புழுதி மிதக்கிறது. அந்தப் புழுதி மணிகள் காந்தப் புலத்துக்கு ஏற்ப ஒழுங்காகச் சாய்ந்து நிற்கும். அதற்குள்ளால் வரும் வெளிச்சம் அந்த ஒழுங்கின் அடையாளத்தை வாங்கிக்கொண்டுதான் இங்கே வந்து சேரும். நீரோட்டத்தை யாரும் காண்பதில்லை, சாதாளை சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வார்கள் அல்லவா, அவ வானத்தில் அதைத்தான் செய்கிறா என்பேன். கேட்பவர் தலையாட்டிவிட்டு, "சம்பளம் தருவினமோ அதுக்கு?" என்று கேட்பார். தருகிறார்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஏதோ எனக்கே தருகிறதுபோல.

அந்தச் சுவாலைச் சோதனைக் கதையை இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லாமல் அந்தப் பாடமும் என் தலையில் விழுந்த வருடம். பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி செய்முறை பார்க்க வந்திருந்தார். கம்பியை உப்பில் தொட்டுச் சுவாலையில் பிடிக்கவேண்டும். சிவப்பு வந்தால் ஒன்று, பச்சை வந்தால் இன்னொன்று, ஊதா வந்தால் வேறொன்று, மஞ்சள் வந்தால் சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பில் உள்ளது. எங்கள் பிள்ளைகள் வரிசையாக எல்லாக் கிண்ணத்துக்கும் சோடியம் என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, "ஒரு பிள்ளையைப் பாத்து மற்றப் பிள்ளையள் எழுதியிருக்குதுகள் ரீச்சர்" என்றார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. கம்பியை நானே வாங்கிக் கழுவிப் பிடித்தேன். மஞ்சள். அடுத்த கிண்ணம். மஞ்சள். அவரும் பிடித்துப் பார்த்தார், மஞ்சள்தான். களைத்துப்போய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் பள்ளிக்கூடத்து நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளிக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார்.

"ரீச்சர், இது உப்புத் தண்ணியெல்லோ?"

அந்தக் கிணற்றில்தான் கம்பியைக் கழுவினோம். அது நல்ல தண்ணீர் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை, நான் உட்பட. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதில் உப்பு எங்கே தெரியப்போகிறது. பிள்ளைகள் பார்த்து எழுதவில்லை, கண்டதைத்தான் எழுதினார்கள்.

இதை உமக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீர் புரையேறும்வரை சிரித்தீர். பிறகு நீர் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. "எங்கடை வானாய்வு ஆக்களும் இதே பிழைதானப்பா விட்டவை. வெளிச்சத்திலை கண்ட கோடெல்லாம் நட்சத்திரத்தின்ரை எண்டு நினைச்சினம். சோடி நட்சத்திரம் ஒண்டையொண்டு சுத்தேக்கை கிட்ட வரும், தூரப் போகும். அதோடை அதுகின்ரை கோடும் இஞ்சாலையும் அங்காலையும் ஆடும். ஆனா ஒரு சில கோடு மட்டும் ஆடாமல் நிண்டுது. அது நட்சத்திரத்தின்ரை இல்லை. நடுவிலை கிடக்கிற வாயுவின்ரை. வாற வழியிலை உள்ளதும் தன்ரை கோட்டைப் போட்டுத்தான் அனுப்பும்."

அடுத்த மாதம் உம்மிடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே பேனையைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு பித்தளைக் குழாய். ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் பிடித்த வெளிச்சம் நிறமாலையாக விரியும், எரிகிற பொருளுக்குரிய கோடு அதில் நிற்கும். கற்பூரத்தைப் பார்த்தேன், குப்பி விளக்கைப் பார்த்தேன், பனங்கொட்டை ஊமல் எரியும் அடுப்பைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மஞ்சளில் அந்த ஒரு கோடு. நல்ல கருவியில் அது இரண்டு என்று எனக்குத் தெரியும். பகலில் வெள்ளைச் சுவரில் விழும் வெயிலைப் பார்த்தால் அதே இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. சூரியனைச் சுற்றியுள்ள சோடியம் அந்த நிறத்தை மட்டும் விழுங்கிவிடுகிறது. எங்கள் அடுப்பில் பளிச்சென்று நிற்பது அங்கே இருட்டாக நிற்கிறது. என் வீட்டு முற்றத்தில் நான் நெடுநேரம் நின்றேன். தனியாகச் சோறு கறி சமைத்துத் தின்றுகொண்டிருந்த ஒருத்திக்குச் சூரியன் பக்கத்து வீடாகிப்போனது அன்றைக்குத்தான்.

கன வருடங்களுக்குப் பிறகு நீர் தீவுக்கு வந்து உம்முடைய கரம்பொன் வீட்டைத் திறந்தபோது, காணி விற்க வந்திருக்கிறா என்று ஊர் சொன்னது. உம்முடைய அண்ணையும் அப்படித்தான் நினைத்தார். நீர் முற்றத்தில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தீர். உடம்பைத் தின்னும் வருத்தம் எந்த அளவில் இருக்கிறது என்பதை முதலில் என்னிடம்தான் சொன்னீர், அதுவும் தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தம் போட்டுக் கழுவினேன்.

நாங்கள் நயினாதீவுக்குப் போய்வந்த பின்னேரத்தை நான் கனவிலும் காண்கிறேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகு. எண்ணெய் வாசம், ஈரக் கயிறு, பிள்ளைகளின் தூக்கம். சூரியன் மேற்கில் பதிந்திருந்தது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீர் அண்ணாந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்தீர். பூத்தட்டோடு எதிரே இருந்த அம்மா ஒருவர் மனம் பொறுக்காமல், "தலைச்சுத்தோ தங்கச்சி? தேசிக்காய் இருக்கு, மணந்து பாருங்கோ" என்று நீட்டினார். நீர் மறுக்கவில்லை. எலுமிச்சை மணம் அடிக்க, தேசிக்காயை மூக்கில் பிடித்தபடியே வானத்தைப் பார்த்தீர். பிறகு கண்ணாடியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டீர். தலைக்கு நேர்மேலே வடக்கும் தெற்குமாக ஒரு கருநீலப் பட்டை ஓடியது. சூரியனுக்குச் செங்குத்தான அந்த இடத்தில்தான் வானத்து வெளிச்சம் அதிகம் சாய்ந்து வரும் என்று நானும் படித்தவள்தான். கண்டதில்லை. படகு ஆட, அந்தப் பட்டை ஆட, அதன் கீழே நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். கரை வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அப்போதுதான் நீர் கடைசியாகச் செய்த வேலையைச் சொன்னீர். "சில நட்சத்திர மண்டலத்தின்ரை நடுவிலை பெரிய வெளிச்சம் ஒண்டு இருக்கு. சுத்திவரப் புழுதி மதில் மாதிரி நிக்கும். எங்கடை பக்கத்தாலை நேரை பாக்கவே ஏலாது. ஆனா மதிலுக்கு மேலாலை போற வெளிச்சம் அங்காலை நிக்கிற முகிலிலை பட்டுத் தெறிச்சு இஞ்சாலை வரும். தெறிச்சு வந்ததுக்குச் சாய்வு இருக்கும்தானே. சாய்வானதை மட்டும் வடிச்செடுத்து நிறம் பிரிச்சுப் பாத்தால், மதிலுக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கிறதின்ரை கோடு தெரியும்."

"அப்ப ஒளிக்கவே ஏலாதெண்டு சொல்லும்" என்றேன்.

"ஒளிக்கலாம். பக்கத்திலை ஒருத்தரும் இல்லாமல் இருக்கவேணும்."

கொஞ்ச நேரம் தேசிக்காயை உருட்டிக்கொண்டிருந்தீர். பிறகு, "நான் எரியேக்கை அந்தக் குழாயாலை பாரும்" என்றீர்.

"வாயைப் பொத்தும்."

"பகிடிக்குச் சொல்லேல்லை. எத்தினை நட்சத்திரத்துக்கு நான் பாத்திருப்பன். எனக்கு ஆர் பாக்கிறது?"

"என்னைச் சுடலைக்கு விடமாட்டினம். உமக்குத் தெரியும்தானே" என்று மட்டும் சொன்னேன்.

"நேரை பாக்க ஏலாட்டிப் பட்டு வாறதைப் பாரும். அதைத்தானே இவ்வளவு நேரமும் சொன்னனான்."

பார்ப்பன் என்று சொன்னேன். படகு இறங்குதுறைப் பாலத்தில் இடித்து நின்றது. அந்த அம்மாவிடம் தேசிக்காயைத் திருப்பிக் கொடுத்து, தலைச்சுற்று நின்றுவிட்டது என்று நன்றி சொன்னீர்.

நீர் போன அன்று வீடு நிறைந்திருந்தது. உம்முடைய அண்ணையை ஒரு மூலையில் மறித்துச் சங்கதியைச் சொன்னேன். பாவம், கொள்ளி வைக்கப் போகிற மனிதர், அழுது வீங்கிய கண். குழாயைத் தூக்கிக் காட்டுகிற என்னைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார்.

"பிள்ளை, பொம்பிளையள் படலையோடை நிக்கிறதுதான் வழக்கம். நான் மாத்த ஏலாது."

"நான் உள்ளுக்கு வரேல்லை அண்ணை. சுடலை மதிலுக்கு வெளியிலை நிப்பன். அவ கேட்டவ."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பெண்கள் எல்லோரும் வீட்டு வாசற் படலையில் நின்று அழுதார்கள். நான் அழுதுகொண்டே படலையைத் தாண்டினேன். யாரோ என் சேலைத் தலைப்பைப் பிடித்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் நின்றிருப்பேன்.

சுடலை கடற்கரையில், உமக்குத் தெரியாததல்ல. நான் மதிலுக்கு வெளியே, வாசலுக்குப் பக்கவாட்டில் பனை வடலிகளோடு நின்றேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. விறகு அடுக்கும் சத்தம், தேவாரம், பிறகு கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும். இருள் கவியும் மம்மல் பொழுது. மதிலுக்கு மேலால் புகை எழும்பியது. கொண்டுவந்திருந்த உம்முடைய கண்ணாடியைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் திருப்பப் புகை வெளுத்தது, மறுபக்கம் திருப்ப மங்கியது. சாய்வு இருந்தது. அதை முதலில் குறித்துக்கொள்ளும். ஆனால் குழாய்க்கு அந்தப் புகை போதவில்லை. உள்ளே வெறும் சாம்பல் நிறம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமற் போகப்போகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் இருந்த துக்கத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அப்போது அண்ணை வெளியே வந்தார். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது உமக்குத் தெரியும். முன்னுக்கு மட்டும் பார்த்துக்கொண்டு, நெருப்பை முதுகில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். என்னைக் கண்டும் காணாததுபோலத் தாண்டிப்போனார். அவர் தாண்டியதும் நான் கண்டேன். வாசலால் வந்த நெருப்பின் வெளிச்சம் அவர் போர்த்திருந்த வெள்ளைச் சால்வையில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, அசையாமல் நில்லுங்கோ."

நின்றார். திரும்பவில்லை. "ஏன் பிள்ளை?"

"அவவின்ரை வெளிச்சம் உங்கடை முதுகிலை விழுந்திருக்கு."

அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு கல்லுப்போல நின்றார். உள்ளே போக எனக்கு வழக்கம் இல்லை, திரும்பிப் பார்க்க அவருக்கு வழக்கம் இல்லை. அந்தச் சால்வைதான் இருந்தது. நான் குழாயைக் கண்ணில் வைத்து அதன்மேல் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் முதலில் எல்லாம் குழம்பியது. துடைத்துவிட்டுப் பிடித்தேன்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார், கடலைப் பார்த்துக்கொண்டே.

"உப்புத் தெரியுது அண்ணை."

"இஞ்சை எல்லாம் உப்புத்தானே" என்றார்.

அவ்வளவுதான் நான் கண்டது. மஞ்சளில் ஒரு மெல்லிய கோடு. கண்ணாடியை முன்னால் பிடித்துச் சுழற்றியும் பார்த்தேன், மாறவில்லை. துணியில் பட்டுச் சிதறும்போது சாய்வு குலைந்துவிடும் என்று நீர் சொல்லியிருப்பீர். ஆனால் அந்தக் கோடு உம்முடையதா? விறகின் உப்பா, கடற்காற்றின் உப்பா, எல்லோரும் தலைமுழுகி வந்த உம் வீட்டுக் கிணற்றின் உப்பா? அண்ணை சொன்னது எனக்குள்ளும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் இவ்வளவு காலமும் எழுதவில்லை. நிச்சயமில்லாததை அறிக்கையாக எழுதினால் நீர் கிழித்துப் போட்டுவிடுவீர்.

கண் கிளினிக்கில் இன்று எல்லாம் சரி என்றார்கள். பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தேன். பாலத்தில் வெயில் சாய்ந்திருந்தது, கடல் போகவில்லை, இலேசாக மங்கியது மட்டும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு வழக்கம்போலக் குழாயை எடுத்தேன். மஞ்சளில் அந்தக் கோடு அதே இடத்தில் நின்றது. நீர் இருந்தபோது எங்கே நின்றதோ அங்கே. உம்மை எரித்த அன்று எங்கே நின்றதோ அங்கே.

அப்போதுதான் அன்று தொலைபேசியில் நீர் சொன்ன விதியை உமக்கே போட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நட்சத்திரம் அசையும்போது கூட அசைவது நட்சத்திரத்தின் கோடு. அசையாமல் நிற்பது வழியில் உள்ளதன் கோடு. நீர் போய்விட்டீர். ஒருவர் இதைவிடத் தூரம் அசைய முடியாது. கோடு ஆடவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளும். நான் கண்டது உம்முடைய கோடு அல்ல. அது எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இன்னும் கிடக்கிறது.